தாய்ப்பாலும் உளச்சோர்வு மருந்தும்

மகவீன்ற தாயர்க்கு மூன்றாம் நாளளவில் காரணமின்றிக் கண்ணீர் பெருகுதல் இயல்பே. அஃது இரு வாரத்துள் தானே தணியும். அங்ஙனம் தணியாது, உறக்கமும் ஊக்கமும் கெடுத்து, பெற்ற பிள்ளையிடத்தும் பற்றறச் செய்வது மகப்பேற்றின்பின் வரும் உளச்சோர்வு நோயாகும். அதனை இனங்காண உதவும் பத்து வினாக்களாலான எடின்பரோ அளவுகோல் 1987ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இந்நோய்க்கு மருந்துண்ணும் தாய் தன் சேய்க்குப் பாலூட்டலாமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

தாயுண்ட மருந்து குருதியிற் கலந்து பாலிலும் ஓரளவு செல்லும் என்பது உண்மையே. ஆயின், செல்கின்றதா என்பதினும் எவ்வளவு செல்கின்றது என்பதே தக்க வினாவாகும். சேயின் நிறையில் ஒரு கிலோவுக்குப் பால்வழி நாடோறும் சேரும் மருந்தினை, தாய் தன் நிறையில் ஒரு கிலோவுக்கு உண்ணும் மருந்தோடு ஒப்பிட்டு மருத்துவ அறிஞர் இதனைக் கணிப்பர். அது நூற்றுக்கு 10 வீதத்தினும் குறையின் பொதுவாக ஏற்கத்தக்கது என்பர். சேர்ட்ராலின் என்னும் மருந்து ஏறத்தாழ 2 வீதமோ அதனினும் குறைவாகவோதான் சேயை அடைகின்றது. சேயின் குருதியில் அது பெரும்பாலும் அளந்தறிய இயலாத சிற்றளவினதே. பரொக்செற்றீனும் அத்தகையதே. புளுவொக்செற்றீனோ உடலில் நெடுநாள் தங்குவது. ஆதலின் புதிதாக மருந்து தொடங்குவார்க்கு அதனை முதற்கண் தெரிவதில்லை. டொக்செப்பின் விலக்கத்தக்கது, அதனையுண்ட தாயின் பாலருந்திய சேய் மூச்சுத் தளர்ந்தமை பதிவாகியுள்ளது.

குறைமாதத்திற் பிறந்த சேய்க்கு மருந்தினைக் கழிக்கும் ஆற்றல் முதிர்ந்திராமையின் மிகுந்த விழிப்பு வேண்டும். மிகையான உறக்கம், பால் குடியாமை, ஓயாத அழுகை, நிறை ஏறாமை என்பன தோன்றின் வைத்தியரிடம் உடனே காட்டுதல் வேண்டும்.

பிள்ளையின் நலங்கருதியே சில தாயர் எவருக்கும் உரையாது மருந்தினை நிறுத்திவிடுகின்றனர். சுற்றத்தாரும் அதனையே நல்லறிவெனப் போற்றுவர். ஆயின், திடீரென நிறுத்துதலால் தலைச்சுற்றும் பதற்றமும் உண்டாதல் கூடும், நோயும் மீளும். நோயுற்ற தாய் தன்னையும் பேணாள். சேயின் சிரிப்புக்கு எதிர்சிரிக்கவும் மாட்டாள். நோய் முற்றின் அவள் உயிருக்கே ஊறு நேரும். எனவே தராசின் ஒரு தட்டில் பாலிற் கலக்கும் சிற்றளவு மருந்தினை வைப்போர், மறுதட்டில் மருந்தில்லா நோயினை வைத்தல் வேண்டும். முன்னர்த் தனக்குக் குணந்தந்த மருந்து எதுவெனத் தாய் வைத்தியர்க்கு உரைத்தலும், அவர் அதனையும் சீர்தூக்கித் தெரிதலுமே முறையாகும். மருந்தின்மை தீங்கின்மை ஆகாது. தாயைக் காத்தலும் சேயைக் காத்தலே.