ஈஸ்ட்லீ: அகதிப் பெண்கள் எழுப்பிய சந்தை

'அகதி' என்ற சொல்லுக்குக் 'கதியற்றவர்' என்றே வகுப்பில் பொருள் சொல்லிக் கொடுக்கிறேன். நைரோபி நகரின் ஈஸ்ட்லீ பகுதியைப் பற்றி வாசித்த பிறகு, அதோடு இன்னொரு விளக்கமும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

1991இல் சோமாலியாவில் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்தது. போருக்குத் தப்பிக் கென்யாவுக்கு வந்தவர்களில் பலர் ஈஸ்ட்லீயில் தங்கினர். அங்கே 'கரிஸா லொட்ஜ்' என்ற விடுதியில் இரவில் படுத்த அறையே பகலில் கடையானது. கட்டிலுக்குக் கீழே சரக்கு. பின்னர் அந்த விடுதியே கடைத்தொகுதியாக மாறியது. அதைப் பார்த்துச் சுற்றிவரப் பல தொகுதிகள் எழுந்தன.

இதில் பெண்களின் பங்கு பெரிது. கணவனைப் போரில் இழந்தவர்கள், பிரிந்தவர்கள், பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர்கள். கையிலும் கழுத்திலும் கிடந்த தங்கத்தை விற்றதுதான் பலருக்கு முதல். துபாய்க்குப் போய் உடுதுணி வாங்கி வந்தார்கள். துபாயில் ஒரு நானா, இலண்டனில் ஒரு ராத்தா, அமெரிக்காவில் ஒரு மகள் என்று போர் சிதறடித்த குடும்பமே வியாபாரத்துக்குக் கிளைகளாயிற்று.

வங்கிக்குப் போக ஆவணமில்லை, வட்டியும் ஆகாது. அதனால் 'ஹக்பத்'. வேறொன்றுமில்லை, எங்கட பெண்கள் பிடிக்கிற சீட்டுத்தான். பத்துப்பேர் மாதம் 100 டொலர் போட்டால், முறை வந்தவர் கையில் 1,000 டொலர். ஏலமில்லை, கழிவில்லை. ஒருத்தி ஏமாற்றினால் குலத்துப் பெரியவர்களிடம் பேச்சுப் போகும்; பிறகு அவளை ஒரு சீட்டிலும் சேர்க்கமாட்டார்கள், கடனுக்குச் சரக்கும் கிடைக்காது. வியாபாரிக்கு அதைவிடத் தண்டனை என்ன?

சரக்குக்குக் காசு போவது ஹவாலா வழியில். நைரோபி முகவரிடம் காசைக் கட்டினால், துபாய் முகவர் தன் கையிலிருந்து கொடுப்பார். இருவரும் பிறகு கணக்குத் தீர்ப்பார்கள். எல்லை தாண்டுவது பெரும்பாலும் சொல்தான்.

நம்பிக்கையால் ஓடும் இந்த ஏற்பாட்டை அரசின் ஒரு கட்டளை நிறுத்திவிடலாம். 2015 ஏப்ரல் 2ஆம் திகதி கரிஸா பல்கலைக்கழகக் கல்லூரியில் அல்-ஷபாப் 148 பேரைக் கொன்றது. அடுத்த வாரமே கென்ய அரசு 13 பணமாற்று நிறுவனங்களை இடைநிறுத்தியது. ஜூனில்தான் தடை நீங்கியது. கொலைகாரர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத கடைக்காரிகளின் கொடுக்கல் வாங்கலும் அதில் சிக்கியது.

எழுத்தில் இல்லாத உழைப்பைச் சந்தேகிப்பது லேசு. ஈஸ்ட்லீ பற்றி இன்று ஆய்வுகள் வந்திருப்பதால்தான் அப்பெண்களுக்காகப் பேச ஆதாரம் இருக்கிறது. எங்கட உம்மாமாரின் சீட்டுக் கொப்பிகளையும் பழைய தாளோடு தாளாகப் போடாமல் எடுத்து வைப்போம். அவையும் வரலாறுதான்.