பொரித்த குஞ்சு ஏன் வெளுத்திருக்கிறது?

சின்ன இன்குபேட்டர் வாங்கி, நாட்டுக்கோழி முட்டை அடுக்கி, 21 நாள் காத்திருந்து திறக்கிறீர்கள். குஞ்சுகள் வெளிறிப்போய் நிற்கின்றன. "முட்டை கொடுத்தவர் ஏமாத்திட்டாரு" என்று சண்டைக்குக் கிளம்பும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஈரம் காயட்டும். நனைந்த குஞ்சு கறுத்துத்தான் தெரியும். பஞ்சு விரிந்த பிறகே அதன் உண்மையான நிறம் தெரியவரும்.

கறுப்பு, பழுப்பு, முதுகுக்கோடு எல்லாம் தாய் தகப்பன் வழி வருபவை. இன்குபேட்டர் சூட்டால் கறுப்புக் குஞ்சு வெள்ளையாகிவிடாது. நாட்டுக்கோழியில் ஒரே அடையில் நாலு நிறம் வருவதும் சகஜம்தான்.

மாறக்கூடியது மஞ்சள் நிறம். தாய்க்கோழி தின்ற மக்காச்சோளம், கீரையின் நிறமி மஞ்சள் கருவில் சேர்கிறது. அந்தக் கருவிலிருந்துதான் குஞ்சு அதை எடுத்துக்கொள்கிறது. சூடு கூடினால் குஞ்சு அவசரப்பட்டு முன்னதாகவே வெளியே வரும், கரு முழுதாக உள்ளே போயிருக்காது. அதனால்தான் வெளிறல். கூடவே தொப்புள் சரியாக மூடாமலும், கால் மூட்டு சிவந்தும் இருந்தால் முட்டையைக் குறை சொல்லாதீர்கள், தெர்மாமீட்டரைச் சந்தேகப்படுங்கள்.

விசிறி உள்ள இன்குபேட்டருக்கு 37.5 டிகிரி செல்சியஸ் சூடு போதும். ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி 3 நாள் 65 சதவீதத்துக்கு மேல். அந்தக் கடைசி நாட்களில் குஞ்சே சூடு விடும் என்பதால், அப்போதுதான் அதிகம் கவனிக்க வேண்டும். இன்குபேட்டரோடு வந்த தெர்மாமீட்டரை அப்படியே நம்பிவிடாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் அதையும் ஒரே வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு டிகிரி தப்பினாலே போதும், ஒரு தட்டு முட்டை போச்சு.

நல்ல மஞ்சளாக இருந்தால் நல்ல குஞ்சு என்றும் நினைக்க வேண்டாம். பெரிய பொரிப்பகங்களில் கிருமி நீக்க ஃபார்மலின் புகை போடும்போது குஞ்சின் பஞ்சு பளிச்சென்று மஞ்சளாகும். அதற்கும் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் அதை முயற்சிக்கவே கூடாது. அந்தப் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. திருவிழாவில் விற்கும் பச்சை, சிவப்புக் குஞ்சோ வெறும் சாயம்!

வாங்கும்போது நிறத்தை விட்டுவிட்டு, தொப்புள் காய்ந்திருக்கிறதா, கண் பளிச்சென்று இருக்கிறதா, மல்லாத்திப் போட்டால் உடனே எழுகிறதா என்று பாருங்கள். அடுத்தடுத்த அடையிலும் வெளிறிய குஞ்சே வந்தால், வெப்பநிலை எழுதிவைத்த தாளோடு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.