வயல்மண்ணிற் கரந்துறையும் கிருமி

மாரி பிறந்து சேறு கலங்கும் நாட்களில் வெறுங்காலுடன் வயலில் இறங்கும் கமக்காரர் பாம்புக்கு அஞ்சுவர். அட்டையைக் கண்டால் அருவருப்பர். அதே சேற்றில் வாழும் ஒரு கிருமியை அவர் அறிந்திருத்தல் அரிது. மெலியோய்டோசிஸ் என்னும் கொடிய நோயை விளைவிக்கும் இப்பற்றீரியா 'பர்க்ஹோல்டேரியா சூடோமலேய்' எனப் பெயர் பெறும். காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும், அசுத்த நீர் வழியாகவும், புயல்மழைக் காலத்தில் மூச்சு வழியாகவும் அது உடலினுட் புகும். நீரிழிவு உடையோரையே அது பெரிதும் வருத்துகின்றது.

1911ஆம் ஆண்டளவில் றங்கூனில் அல்பிரட் விற்மோர் என்னும் வைத்தியரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசுவாமியும், இறந்தோர் உடல்களை ஆராயும்போது இக்கிருமியை முதன்முதலாகக் கண்டனர். இலங்கையில் முதல் நோயாளி பற்றிய குறிப்பு 1927இல் வெளிவந்தது. பின்னர் பல பத்தாண்டுகள் இந்நோய் இங்கு பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தது. இந்த நூற்றாண்டில் வைத்தியர்கள் முனைந்து தேடத் தொடங்கிய பின்னரே பல மாகாணங்களிலும் நோயாளர் அடையாளங் காணப்பட்டனர். ஆகவே, எந்த மண்ணில் இக்கிருமி உண்டு என்று முன்னரே அறிவது அவசியமாயிற்று.

ஆனால் அஃது எளிய காரியமன்று. ஒரு கிராம் மண்ணிற் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள. நுண்ணோக்கியால் மட்டும் அவற்றினிடையே இதனைப் பிரித்தறிய இயலாது. மேலும், ஒரு குழியிற் கிருமி இருக்க, சில அடி தள்ளிய குழியில் இல்லாதிருக்கும். எனவே 2013இல் வெளியான சர்வதேச வழிகாட்டியின்படி ஒரு வயலில் நூறு குழிகள் தோண்டி, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஓரடி ஆழத்திலிருந்து பத்துக் கிராம் மண் எடுக்கப்படும். மேல்மண் வெயிலிற் காய்ந்துவிடுவதால் அது போதாது.

அடுத்து, ஏனைய உயிர்களை அடக்கி இதனை மட்டும் வளரவிட வேண்டும். இங்குதான் கிருமியின் கொடுமையே ஆய்வாளருக்குக் கைகொடுக்கின்றது. கொலிஸ்டின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளுக்கு அது பொதுவாக மடிவதில்லை. நோயாளியின் படுக்கையருகே வைத்தியரைத் திகைக்க வைப்பதும் இத்தன்மையே. மண்ணைத் திரெயொனீன் என்னும் அமினோ அமிலத்தை உணவாகக் கொண்ட கரைசலிலிட்டுக் கொலிஸ்டினும் சேர்த்தால் மற்றவை பலவும் ஒடுங்கும். இரண்டு நாட்களின் பின் அக்கரைசலின் துளிகள், 1979இல் அவுஸ்திரேலியாவில் அஷ்டவுன் வகுத்த ஊடகத்திற் பூசப்படும். அதில் சாயங்களும் கிளிசரோலும் ஜென்டாமைசினும் உள. சில நாட்களில் ஊதா நிறத்தில், உலர்ந்து சுருங்கிய பூவிதழ் போன்ற கூட்டங்கள் தோன்றும். மண்வாசனை வீசும் அவற்றை முகர்ந்து பார்த்தல் ஆபத்தாகும்.

இவ்வலையிலும் ஓட்டை உண்டு. போர்ணியோவின் சரவாக்கில் ஜென்டாமைசினுக்கு மடியும் வகையே பெருவாரியாகக் காணப்பட்டது. அவ்வூடகத்தில் அது வளராது. மறுபுறம், தாய்லாந்து மண்ணில் இதனையொத்த, பெரும்பாலும் தீங்கற்ற உறவினம் ஒன்றுண்டு. அரபினோஸ் என்னும் வெல்லத்தை அது உண்ணும், இது உண்ணாது என்பதே வேற்றுமை கண்டறிய உதவிற்று. மரபணுவைத் தேடும் பிசிஆர் முறை விரைவானதேயெனினும், மண்ணிலுள்ள உக்கல் அமிலங்கள் அதனைத் தடுக்கும்; செத்த கிருமியும் உயிருள்ளதுபோற் காட்டும். நூறு குழிகளிலும் கிடைக்காவிடினும், அம்மண்ணிற் கிருமி இல்லை என்று ஆணையிட்டுரைக்க முடியாது.

ஐக்கிய அமெரிக்காவின் பெருநிலப்பரப்பில் முதன்முறையாக 2022இல், மிசிசிப்பி மாநிலக் கரையோரத்தில், ஒரு நோயாளியின் வீட்டுச் சூழலில் எடுத்த மண்ணிலும் நீரிலும் இக்கிருமி வெளிப்பட்டது. இந்நோய் ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 1,65,000 பேரைப் பற்றி, 89,000 பேரைக் கொல்வதாக 2016இல் வெளியான மதிப்பீடொன்று கூறும். உரிய மருந்து செப்டாசிடைம் போன்றது. அதனை ஊசிவழி குறைந்தது பத்து நாட்களும், தொடர்ந்து வேறு மருந்தை வாய்வழி மூன்று மாதமளவும் கொடுக்க வேண்டும். கிருமியை அறியாத ஆய்வுகூடம் இதனை வெளியிலிருந்து கலந்த அழுக்கென்று ஒதுக்கிவிடுவதுண்டு. இரத்தத்துடன் அனுப்பும் தாளில் 'நோயாளி வயலில் வேலை செய்பவர், நீரிழிவுடையவர்' என்று வைத்தியர் எழுதினால், அங்குள்ளோர் அக்கூட்டங்களை மீண்டும் ஒருமுறை உற்றுநோக்குவர்.