திருவரங்கம் கோயில் திருப்பணியும் பராமரிப்புப் பொறுப்பும்

பொது–தனியார் கூட்டாண்மையில் அமையும் நெடுஞ்சாலைகளில் ‘கட்டி, இயக்கி, ஒப்படைத்தல்’ என்னும் முறை பெருவழக்காக உள்ளது. கட்டியவரே உரிமைக்காலம் முடியும்வரை பராமரிக்கவும் கடமைப்பட்டிருத்தலின், தரக்குறைவான பணியின் செலவு அவரையே சாரும். வசதி மேலாண்மை ஒப்பந்தத்திற்குள் இடம்பெறுவதன் முதற்பயன் இதுவாகும்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயில் திருப்பணியில் இக்கூட்டாண்மை வேறு வடிவம் கொண்டது. நன்கொடையாளர்தம் பொருளும் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகமும் இணைந்து நிகழ்ந்த அப்பணி, 2015இல் குடமுழுக்குக் கண்டு, 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதினைப் பெற்றது. பிற்காலச் சேர்க்கைகள் அகற்றப்பட்டன. பழைய வடிகாலும் மழைநீர்ச் சேமிப்பும் மீட்கப்பட்டன. வடிகாலோ தூர் வாரப்படும்வரையே வடிகால். இங்குக் கொடை பணியுடன் முடிகிறது. பராமரிப்பு கோயில் நிர்வாகத்திடமே எஞ்சுகிறது.

2023 ஆகஸ்ட் 5 அதிகாலையில் கிழக்குக் கோபுரத்தின் முதல் நிலையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. விரிசல் முன்னரே அறியப்பட்டிருந்தது. குறையைக் கண்டறிதலுக்கும் சீரமைத்தலுக்கும் இடைப்பட்ட காலத்தைக் குறைப்பதே வசதி மேலாண்மையின் பணி. அதற்கு எப்போதும் கையிருப்பில் உள்ள நிதி வேண்டும்.

பழங்கொடைகள் இதனை அறிந்திருந்தன. கோயிலைப் புதுப்பிக்கவென்றே ‘புதுக்குப்புறம்’ என நிலம் விடப்பட்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. விளக்கெரிக்க விடப்பட்ட ஆடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. எண்ணிக்கை குறையாது காத்து நெய் அளக்கும் பொறுப்பு அவற்றை ஏற்ற இடையருக்கு உரியது. கொடையாளர் விளக்கோடு நெய்க்கும் வழிசெய்தனர். இன்றைய திருப்பணி நன்கொடையில் ஒரு பங்கைப் பராமரிப்பு வைப்புநிதியாக ஒதுக்குதல் அம்மரபுக்குப் புதிதன்று.