ஏழைப் பையன் ரொட்டி

தம்பி! தொலைக்காட்சியிலே காட்டினார்கள், அமெரிக்க நாட்டு நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ரொட்டி ஒன்றை. அப்பப்பா, முழங்கை நீளம்! அதன் வயிற்றைப் பிளந்து, பொரித்த இறாலைப் பொங்கி வழிய அடைக்கிறார்கள். அந்நகர் சென்றபோது நானும் வாங்கினேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. பாதி முடிவதற்குள் 'போதும்' என்றது வயிறு. சுவைதான், மறுக்கவில்லை.

ஆனால், நீளத்தைக் காட்டியவர்கள், நீளம் வந்த கதையைக் காட்டினார்களா? இல்லை! 'போ பாய்' என்பது அதன் பெயர். 'பூர் பாய்' என்பதன் திரிபு. ஏழைப் பையன்! யார் அந்த ஏழை? 1929 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் குதித்த டிராம் தொழிலாளி!

கூலி நின்றது, வீட்டு அடுப்பு அணைந்தது. மார்ட்டின் சகோதரர்கள் கடையிலே அடுப்பு எரிந்தது! முன்னாள் டிராம் கண்டக்டர்கள் அல்லவா அவர்கள்? சங்கத்தாருக்கு உணவு இலவசம் என்று கடிதமே எழுதிக் கொடுத்தனர். பசித்து ஒருவன் வந்தால், 'இதோ இன்னொரு ஏழைப் பையன்' என்பார்களாம் உள்ளே. பெயர் பிறந்தது அப்படித்தான் என்று அண்ணன் தம்பி இருவரில் ஒருவரே பிற்காலத்தில் சொன்னார்.

இன்னொன்று கேள். பிரெஞ்சு ரொட்டிக்கு இரு முனையும் கூம்பும்; முனைத்துண்டு பெற்றவன் வயிறு நிறையாது. பசித்தோர் பந்தியில் அது அடுக்குமா? ரொட்டி சுடும் ஜான் ஜெண்டூசா, முனை குறுகாமல் 40 அங்குல நீளத்துக்குச் சுட்டுத் தந்தார். பாதியாக வெட்டு, காலாக வெட்டு, எவன் கைக்கும் ஒரே அளவு.