கோழியின் வாலடியில் ஒரு பை

பல்லேகல விளையாட்டரங்கைத் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பீர்கள். அதற்குக் கிட்டத்தான், குண்டசாலைப் பக்கம் கரந்தகொல்லையில், அரசாங்கத்தின் கோழி நிலையம் இருக்கிறது. கண்டியைத் தாண்டிப் போனால் பேராதனையில் மிருக வைத்திய பீடம். பாலத்தால் மகாவலியைக் கடந்தால் கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம். கோழிகளின் நோய் பற்றி இலங்கையில் அறிந்தவர்கள் பலர் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் வேலை செய்கிறார்கள். அவர்கள் விடாமல் தேடும் கிருமி ஒன்று உண்டு. அதன் பெயர் சல்மொனெல்லா.

குஞ்சு பொரிப்பதற்கென்று தாய்க்கோழி வளர்க்கும் பண்ணைகளில் ஒரு பரிசோதனை செய்வார்கள். சிறகை விரித்து, உட்பக்கத்து நாளத்தில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுப்பார்கள். அதை வெள்ளைத் தட்டில் விட்டு, பக்கத்தில் ஊதா நிறத் திரவம் ஒரு துளி விடுவார்கள். கொன்று சாயமேற்றிய சல்மொனெல்லா பற்றீரியாக்கள்தான் அந்தத் திரவத்தில் இருப்பவை. இரண்டையும் கலக்கித் தட்டை மெல்ல ஆட்டினால், சில கோழிகளின் இரத்தத்தில் ஊதா நிறம் திட்டுத் திட்டாகத் திரளும். இரண்டு நிமிடம்கூடத் தேவையில்லை. திரண்டால், அந்தக் கோழி சல்மொனெல்லாவை ஏற்கெனவே சந்தித்திருக்கிறது என்று கொள்வார்கள்.

திரள வைப்பது எது? பிறபொருளெதிரி. கவட்டைத் தடி போல இரண்டு கைகள் உள்ள புரதம் அது. ஒரு கையால் ஒரு பற்றீரியாவையும் மறு கையால் இன்னொன்றையும் பிடிக்கும். இப்படிக் கோடிக்கணக்கான புரதங்கள் பிடித்து இழுத்தால் பற்றீரியாக்கள் கட்டியாகி விடும். நிர்ப்பீடனம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அதை வெறுங்கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடங்களில் இந்தத் தட்டும் ஒன்று.

பிறபொருளெதிரியைச் செய்யும் கலங்கள் எங்கே உருவாகின்றன? இதற்கு விடை தந்ததும் ஒரு கோழிதான், அதுவும் சல்மொனெல்லாவின் உதவியோடு! கோழியின் வாலடியில், எச்சம் வெளியேறும் வாசலுக்குச் சற்று மேலே, ஒரு சிறு பை இருக்கிறது. இத்தாலியின் பாதுவா நகரத்து வைத்தியர் பப்ரிசியஸ் அதைப் பற்றி எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1621இல் வெளிவந்தது. அந்தப் பை எதற்கு என்று அதன்பின் முந்நூறு வருடங்களுக்கு மேலாக எவருக்கும் தெரியவில்லை.

1950களில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் சில குஞ்சுகளிலிருந்து அந்தப் பையை வெட்டி எடுத்துப் பார்த்தார். குஞ்சுகள் வழமைபோல வளர்ந்தன. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு அவருடைய நண்பர் சாங், வகுப்பில் பிறபொருளெதிரி பற்றிச் செய்து காட்டுவதற்கு அந்தக் கோழிகளில் சிலவற்றை வாங்கிப் போய்ச் சல்மொனெல்லாவை ஊசியால் ஏற்றினார். பிறபொருளெதிரி உண்டாகவில்லை. பரிசோதனை பிழைத்துவிட்டது என்று அவர்கள் விட்டுவிடவில்லை. எந்தக் கோழிகள் என்று தேடிப் பார்த்தார்கள். பை இல்லாத கோழிகள்! இதைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரையைப் பெரிய விஞ்ஞான இதழ் ஒன்று ஏற்கவில்லை. 1956இல் கோழி வளர்ப்புக்கான இதழ் ஒன்றில்தான் வெளியானது. பிறபொருளெதிரியைச் செய்பவை என்று இன்று வைத்தியர்கள் சொல்லும் ‘பீ கலங்கள்’ முதலில் அடையாளம் காணப்பட்டது இந்தப் பையை வைத்துத்தான். எங்கள் உடம்பில் அந்தப் பை இல்லை. அதே வேலையை எலும்பு மச்சை பார்க்கிறது.

சல்மொனெல்லாவும் இலேசான ஆள் இல்லை. அதில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பலவற்றுக்கு நீந்துவதற்குச் சவுக்குமுளை இருக்கும். கோழியின் குடற்சுவர்க் கலங்கள் அந்தச் சவுக்குமுளையின் புரதத்தை உணர்ந்ததும் அபாயச் செய்தி அனுப்பும். வெண்குருதிக் கலங்கள் ஓடி வந்து கிருமிகளை விழுங்கும். ஆனால் புல்லோரம் என்ற வகைக்குச் சவுக்குமுளையே கிடையாது. அதனால் குடலில் பெரிய ஆரவாரம் இல்லாமல் உள்ளே நுழைந்து, தன்னை விழுங்கிய கலத்துக்குள்ளேயே சாகாமல் தங்கி விடும். மண்ணீரலில் மாதக்கணக்காகக் கிடக்கும். கோழி முதல் முட்டை இடும் பருவத்தில் அதன் நிர்ப்பீடனம் கொஞ்சம் தளரும். அப்போது கிருமி பெருகி முட்டைக்குள் போகும். அந்த முட்டையில் பொரிக்கும் குஞ்சு பிறக்கும்போதே நோயோடு பிறக்கலாம். தாயைப் பார்த்தால் நோயாளி என்று சொல்லவே முடியாது. ஊதாத் துளிப் பரிசோதனை இல்லாவிட்டால் இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

பொரித்த முதல் வாரம்தான் குஞ்சுக்கு மிக ஆபத்தான காலம். அதன் வெண்குருதிக் கலங்கள் இன்னும் தேர்ச்சி பெறவில்லை. மஞ்சட்கரு வழியாகத் தாய் கொடுத்த பிறபொருளெதிரிதான் துணை. குடலிலும் நல்ல பற்றீரியாக்கள் குடியேறவில்லை. இயற்கையில் குஞ்சு தாயோடு மேய்ந்து, அவள் கிளறிய மண்ணைக் கொத்தி அவற்றைப் பெற்றுக்கொள்ளும். அடைகாக்கும் பொறியில் பொரித்த குஞ்சுக்குத் தாயே இல்லையே! பின்லாந்தின் நூர்மி, ரன்டலா என்ற இருவர், வளர்ந்த கோழியின் குடற் பற்றீரியாக்களைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சல்மொனெல்லாவுக்கு அந்தக் குடலில் இடம் கிடைக்கவில்லை. 1973இல் அதை வெளியிட்டார்கள். மருந்து கொடுத்துக் கொல்வதைவிட, கிருமி வருமுன்னே இடத்தை நிரப்பி வைப்பது எவ்வளவு நல்ல யோசனை!

கோழிக்கு ஒன்றும் செய்யாத சில வகைகள் எங்களுக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் தரும். கோழிக் குஞ்சைத் தூக்கி விளையாடினால் உடனே சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். முட்டையின் மஞ்சட்கரு இறுகும்வரை வேகட்டும். வீட்டில் வளர்க்கக் குஞ்சு வாங்க அப்பாவோடு போகிறீர்களா? தாய்க்கோழிகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்த பண்ணைக் குஞ்சுகள்தானா என்று நீங்களே கேளுங்கள்.