நம்பிக்கையும் ஒரு மருந்தே
பினாங்கு காட்டும் உண்மை

நோயுற்றவன் மருத்துவரை நாடிச் செல்வது உலக வழக்கு. ஆயின், மருத்துவமனை வாயிலை மிதித்தால் சிறைச்சாலைக்கும் வழி திறந்துவிடுமோ என்று அஞ்சுகிறவன், நோய் முற்றினாலும் அங்கே செல்லமாட்டான். போதைப்பொருளை ஊசி வழியாக ஏற்றிக்கொள்வோரின் நிலை இத்தகையதே. இவர்களிடம் மருத்துவத்தைக் கொண்டுசேர்ப்பதற்கென வகுக்கப்பட்டதுதான் 'தீங்கு குறைப்பு' என்னும் முறை. ஒருவனால் போதையை உடனே விட இயலாவிடினும், அதனால் விளையும் நோயையும் சாவையும் குறைக்க இயலும் என்பது இதன் அடிப்படை.

இம்மக்கள் மருத்துவத்தின் மீது கொள்ளும் ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிடுவோர் உளர். பினாங்கின் வரலாற்றை நோக்குவோர்க்கு, அது அறியாமையன்று, பட்டறிவின் பயன் என்பது புலனாகும்.

அபினி விற்ற அரசாங்கம்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றம் நிறுவிய சில ஆண்டுகளிலேயே, அபினி விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. அக்குத்தகைப் பணம் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் பெரும்பங்காக வளர்ந்தது. 1910இல் குத்தகை முறையை நீக்கிய அரசாங்கம், 'சண்டு' எனப்படும் புகைக்கும் அபினியைத் தானே காய்ச்சி விற்க முற்பட்டது.

இவ்வணிகத்தை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர், பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் டே. 1906இல் ஈப்போவில் கூடிய அபினி எதிர்ப்பு மாநாட்டை முன்னின்று நடத்தியவர் அவர். அதற்கு அடுத்த ஆண்டு, தம் மருந்தகத்தில் சிறிதளவு அபினிக் கரைசல் வைத்திருந்தார் என்று அவர்மீதே வழக்குத் தொடரப்பட்டு அபராதமும் விதிக்கப்பட்டது! அபினி விற்ற அரசாங்கம், அபினியை எதிர்த்த மருத்துவரைக் குற்றவாளியாக்கியது. 1910-11ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயை அடக்கி உலகப் புகழ் எய்தியவர் இவரே.

அபினி புகைப்பதைத் தடைசெய்யும் முடிவைப் பிரிட்டிஷார் 1943இல்தான் அறிவித்தனர். பின்னர் வந்த 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம், போதைப்பொருளை உட்கொள்வதையே குற்றமாக்கியது. அரசாங்கத்தின் வாடிக்கையாளராய் இருந்தவர் ஒரே தலைமுறைக்குள் குற்றவாளியானார்.

பினாங்கின் கிழக்குக் கரையை அடுத்துள்ள ஜெரஜாக் தீவும் இங்கே நினைக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டில் தொழுநோயாளர் அங்கே ஒதுக்கி வைக்கப்பட்டனர். கப்பலில் வந்திறங்கிய தமிழகத் தொழிலாளரும் நோய்த்தடுப்பின் பெயரால் அங்கே அடைத்து வைக்கப்பட்டனர். அதே தீவில் 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை இயங்கியது. நோயாளியையும் கைதியையும் ஒரே இடத்தில் வைத்த நிலத்தில், மருத்துவத்தையும் காவலையும் மக்கள் பிரித்தறியத் தயங்குவதில் வியப்பில்லை.

ஒரே ஊசி, பல கைகள்

மலேசியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் கண்டறியப்பட்டது. 2002இல் மட்டும் 6,978 பேர் புதிதாகப் பதிவாயினர். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஊசியால் போதைப்பொருள் ஏற்றியவர்கள். ஒருவர் பயன்படுத்திய ஊசியின் உட்குழலில் தங்கும் இரத்தம், அடுத்தவர் உடலில் நேரே கலப்பதே இதன் காரணம். புதிய ஊசியின் விலை பெரிதன்று. ஆனால் கையில் ஊசி அகப்பட்டால் போலீசாரின் ஐயத்திற்கு ஆளாக நேரும். ஆகவே யாரும் ஊசியைச் சுமந்து திரிவதில்லை. கிடைத்த ஒன்றைப் பலரும் பகிர்ந்துகொள்கின்றனர். அச்சமே இவ்வாறு நோயின் வாகனமாகிறது.

இதற்கு மாற்று வழி வெளிநாடுகளில் முன்னரே தோன்றியிருந்தது. ஹெரோயினுக்கு மாற்றாக வாய்வழி உட்கொள்ளும் மெத்தடோன் மருந்தை 1960களின் நடுவில் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்னும் மருத்துவர் இருவர் கையாண்டனர். இம்மருந்து ஒருநாள் முழுவதும் உடலில் நின்று, போதை கிட்டாத வேளையில் எழும் வேதனையைத் தடுக்கிறது. இதனை உட்கொள்பவர் ஊசியைத் தேடி அலையாமல் வேலைக்குச் செல்ல இயலும். 1984இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் போதைப் பழக்கத்திற்கு உள்ளானவர்களின் சங்கமே முன்னின்று பழைய ஊசிக்குப் புதிய ஊசி மாற்றித் தரும் பணியைத் தொடங்கியது.

மலேசிய அரசாங்கம் 2005இல் மெத்தடோன் திட்டத்தையும், 2006இல் ஊசிப் பரிமாற்றத்தையும் சோதனையாகத் தொடங்கியது. பரிமாற்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று நகரங்களுள் பினாங்கும் ஒன்று. மற்றவை கோலாலம்பூரும் ஜொகூர் பாருவும். 2010இல் கோலாலம்பூரின் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலும் மெத்தடோன் வழங்கப்பட்டது. மருத்துவமனைக்கு வர அஞ்சுவோர்க்கு வழிபாட்டிடம் அச்சமற்ற வாசலாகும் என்பதே இதன் கருத்து.

வெற்றியின் இரகசியம்

ஊசி கொடுத்தால் போதைப் பழக்கம் பெருகாதா என்ற வினா இயல்பானது. பல நாடுகளின் ஆராய்ச்சிகள் அவ்வாறு பெருகுவதாகக் காட்டவில்லை. மாறாக, ஊசி பெற வருகிறவர்தாம் நாளடைவில் இரத்தப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் இணங்கி வருகிறார். ஏனெனில், ஊசி கொடுப்பவர் பல வேளைகளில் அதே வாழ்க்கையைக் கடந்து வந்தவர். அவர் பெயரைக் கேட்டு வற்புறுத்துவதில்லை. அறிவுரை கூறி நாணச்செய்வதில்லை. சொன்ன வேளையில் சொன்ன இடத்திற்கு வருகிறார். சூடுகண்ட பூனை அடுப்படிக்கு மீண்டும் வரவேண்டுமானால், அடுப்பு அணைந்திருப்பதை அது பலமுறை காணவேண்டும் அன்றோ?

அண்மை ஆண்டுகளில் மலேசியாவின் புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் ஊசியால் நேர்பவை பத்தில் ஒரு பங்கினும் குறைந்துவிட்டன. ஆயினும் பணி முற்றுப்பெறவில்லை. இரத்தத்தின் வழியே பரவும் ஹெப்படைட்டிஸ் சி என்னும் ஈரல் நோய்க்கு உரிய சொஃபோஸ்புவிர் மருந்தைக் குறைந்த விலையில் பெற, 2017இல் அரசாங்கம் காப்புரிமையைக் கடந்து ஆணை பிறப்பித்தது. மருந்து வந்துவிட்டது, அதனைப் பெறவேண்டியவர் வருவாரா என்பதே எஞ்சிய கேள்வி. மேலும், இன்று பரவியுள்ள 'சியாபு' போன்ற ஊக்கப் போதைக்கு மெத்தடோன் மாற்றாகாது. அவர்களுக்குப் புதிய வழி காணும்வரை, அவர்களோடு உறவு அறாதிருப்பதே மருத்துவத்தின் முதற்கடன்.

ஒரு கை ஊசியை நீட்ட, மறு கை விலங்கை நீட்டுமாயின், வருகிறவன் விலங்கையே காண்பான். மருந்து குப்பியில் கிடைக்கும். நம்பிக்கையோ நாள்தோறும் ஈட்டப்பட வேண்டிய பொருள்.